கணையத்தில் கட்டி: “இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்” என்றால்?
வாசகர் கேள்வி – பதில்

(கணையப் புற்றுநோய் சிகிச்சையில் பெற்றோருக்குத் துணையாக இருக்கும் பிள்ளைகளிடமிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை. புற்றுநோய் சிகிச்சையிலும் நோயாளி உணவிலும் அனுபவமுள்ளவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. மருந்தளவை உங்கள் டாக்டரிடம் கேட்டே மாற்றுங்கள்.)

அப்பாவுக்கு 61 வயது. மஞ்சள் காமாலை என்று போனதில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றார்கள். அடைத்த பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தாகிவிட்டது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் நாலு மாதம் கீமோ கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார். “ஆபரேஷன் இல்லேன்னாலே கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம்” என்கிறார் பெரியப்பா. யாரை நம்புவது?
– வாசகர், திருமங்கலம்

பெரியப்பா சொல்வது தவறு. “முதலில் கீமோ” என்பதும் ஆபரேஷனை நோக்கிப் போகும் ஒரு வழிதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியை உரசிக்கொண்டே இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் போகின்றன. ஒன்று குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, மற்றது குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரை. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, இந்தக் குழாய்களை எந்த அளவுக்குப் பற்றியிருக்கிறது என்பதுதான் ஆபரேஷனைத் தீர்மானிக்கிறது. சிரையில் ஒரு துண்டு போனால் வெட்டி இணைத்துத் தைத்துவிடலாம். தமனியில் அது சுலபமில்லை. குழாயின் சுற்றளவை 360 டிகிரியாக வைத்துக்கொண்டால், தமனியில் 180 டிகிரி வரை ஒட்டியிருப்பது எல்லைக்கோட்டு நிலை. அதற்கு மேல் சுற்றியிருந்தால் அந்த நிலையில் கத்தி வைப்பதில்லை. எதையும் தொடாமல் தனியாக இருந்தால் எடுக்கலாம். கண்டுபிடிக்கும்போதே எடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 100 பேரில் 15 முதல் 20 பேர்தான்.

உங்கள் அப்பாவுடையது எல்லைக்கோட்டில் இருக்கலாம். அதனால்தான் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். படமும் ஒரு காரணமாக இருக்கும். சாதாரண வயிறு ஸ்கேனில் இந்தக் குழாய்களின் ஓரம் தெளிவாகத் தெரியாது. கணையத்துக்கென்றே மெல்லிய வெட்டுகளாக, படத்துக்காக ஊசியில் ஏற்றும் மருந்து தமனியில் ஓடும்போது ஒருமுறையும் சிரைக்கு வந்தபின் ஒருமுறையும் எடுக்கிற சி.டி. வேண்டும். அதையும் ஸ்டென்ட் வைக்கும் முன்பே எடுப்பது நல்லது. ஸ்டென்ட் வைத்த பிறகு சுற்றிலும் வீக்கம் வந்து ஓரங்கள் கலங்கிப்போகும். உங்கள் படம் எந்த வகை, எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள்.

கீமோவை முன்னால் வைப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் விதைகள் கல்லீரலில் ஏற்கெனவே விழுந்திருக்கலாம். கட்டியை எடுத்துவிட்டால் அவை போய்விடாது. இந்த ஆபரேஷனில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி, சில சமயம் இரைப்பையின் அடிப்பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு மூன்று இடங்களில் இணைப்பு போடுகிறார்கள். இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பிறகு உடம்பு தேறாமல் கீமோவே எடுக்க முடியாமல் போகிறவர்கள் கணிசமாக உண்டு. முன்னாலேயே கொடுத்தால் தெம்பிருக்கும்போது மருந்து உள்ளே போய்விடும். வேகமாகப் பரவுகிற ரகமாக இருந்தால் அந்த நாலு மாதத்திலேயே தெரிந்துவிடும். வீண் ஆபரேஷன் மிச்சம். பாதகமும் உண்டு: ஸ்டென்ட் அடைத்துக் காய்ச்சல் வரலாம், எடை இறங்கலாம், மருந்து கேட்காமல் கட்டி வளரலாம்.

நாலு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் “கட்டி அதே அளவுதான்” என்று வந்தால் மனம் ஒடிந்துவிடாதீர்கள். செத்த கட்டி இருந்த இடத்தில் தழும்பு நிற்கும். தழும்பையும் கட்டியையும் சி.டி.யால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பொதுவாக 37 வரை சாதாரணம். ஆனால் பிலிரூபின் (ரத்தத்தில் காமாலையைக் காட்டும் அளவு) ஏறியிருக்கும்போது எடுத்த அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம், ஏனென்றால் காமாலையே அதை ஏற்றிவிடும். காமாலை இறங்கிய பிறகு எடுப்பதுதான் தொடக்கக் கணக்கு. சிலருடைய உடம்பில் இது சுரப்பதே இல்லை; அவர்களுக்கு இதை நம்ப முடியாது.

டாக்டரிடம் “காப்பாத்திருவீங்களா” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் குழாயில், எத்தனை டிகிரி ஒட்டியிருக்கிறது, சிரையா தமனியா என்று கேளுங்கள். கல்லீரல், நுரையீரல், வயிற்றுச் சவ்வு மூன்றும் சுத்தமா என்று கேளுங்கள். அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி, அதில் எது தெரிந்தால் ஆபரேஷன், எது தெரிந்தால் இல்லை என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்பவரிடம், அவருடைய இடத்தில் வருடத்துக்கு எத்தனை கணைய ஆபரேஷன் நடக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருடம் 20-க்கு மேல் என்றால் நல்ல எண்ணிக்கை. பழகிய இடங்களில் இதில் உயிரிழப்பு 100-க்கு 5-க்கும் கீழே. எப்போதாவது செய்யும் இடங்களில் கூடுதல். மூன்று இணைப்புகளில் கணையத்தைத் தைத்த இடம் ஒழுகுவதுதான் பெரிய பயம். அதைச் சமாளிக்கப் பழகிய ஐ.சி.யூ.வும், ரத்தக்கசிவை ஊசி வழியாகவே அடைக்கிற ரேடியாலஜி பிரிவும் இருக்க வேண்டும்.

இரண்டு கருத்து வந்தாயிற்று. மூன்றாவதாக இன்னொரு தனி டாக்டரிடம் போனால் மூன்றாவது கருத்துதான் கிடைக்கும். சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியாலஜிஸ்ட் மூவரும் ஒரே படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற கூட்டுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா சாப்பிட்டதெல்லாம் வெளியே போகிறது. 62 கிலோவிலிருந்து 54-க்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் சொல்லி ரசம் சாதமும் ரொட்டியும் மட்டும் கொடுக்கிறோம். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி படுக்கும்போது போடுகிறார். பலனில்லை.
– வாசகி, மேலூர்

அந்த மாத்திரை பெரும்பாலும் கணைய என்சைம் (கணையம் சுரக்கிற செரிமானப் பொருள்) காப்ஸ்யூலாகத்தான் இருக்கும். அது சாப்பாட்டோடு கலக்க வேண்டிய மருந்து. வெறும் வயிற்றில் படுக்கும்போது போட்டால் செரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது; போட்டதும் வீண்.

பெட்டியில் 10,000 அல்லது 25,000 என்று எண் போட்டிருக்கும். பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்குத் தொடக்க அளவு பொதுவாக 50,000 யூனிட். அதாவது 25,000-இல் இரண்டு. முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. இடையில் ஒரு டம்ளர் பால், வடை, சுண்டல் என்றால் ஒன்று. பால் சேர்க்காத காப்பிக்கும் வெறும் பழத்துக்கும் தேவையில்லை. மென்று விழுங்கக் கூடாது. சூடான டீயில், கஞ்சியில் கொட்டக் கூடாது. சூடு பட்டால் என்சைம் செத்துவிடும். சாதாரணத் தண்ணீரோடு விழுங்கட்டும். வைப்பதும் முக்கியம். பெரும்பாலான பெட்டிகளில் 25 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலும், அடுப்பு மேடைப் பக்கத்திலும், டி.வி. மேலும் வைத்திருந்தால் காப்ஸ்யூல் இருக்கும், வேலை செய்யாது. இன்னொன்று: இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. பன்றியைத் தொடாத குடும்பங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. வேறு மாற்று இல்லாத மருந்து என்பதால், கேட்டுத் தெளிவாகி முடிவு செய்யட்டும்.

போதுமா என்பதை மலம் சொல்லும். வெளிறி, எண்ணெய் மினுமினுப்போடு, நாற்றத்தோடு மிதந்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொண்டால் கொழுப்பு செரிக்கவில்லை. அளவைக் கூட்ட வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை சேர்ப்பதும் உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

ரசம் சாதத்தை விடுங்கள். அதனாலும் எடை இறங்குகிறது. என்சைம் சரியாகப் போட்டால் எண்ணெயை, மீனை, முட்டையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 54 கிலோ ஆளுக்கு 65 முதல் 80 கிராம். காலையில் மூன்று இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் சேர்ந்து 18 கிராம். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பால், 6. மதியம் உள்ளங்கையளவு மீன் துண்டு, முள்ளெடுத்துச் சதை 100 கிராம் என்றால் 20. சாதத்தில் பருப்பு, ஒரு கரண்டி தயிர் சேர்த்து இன்னும் 9. சாயங்காலம் குழைய வேகவைத்த கொண்டைக்கடலை அரை கப், 7. இரவு இரண்டு தோசையோடு கொஞ்சம் கோழிக்கறி, 15-க்குக் குறையாது. மூன்று வேளை நிறையச் சாப்பிடச் சொல்வதைவிட ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சம். பரோட்டா சால்னா கேட்கிறாரா? பாதிப் பரோட்டா கொடுங்கள், காப்ஸ்யூலோடு. வாய்க்குப் பிடித்தது ஒன்றாவது இருக்கட்டும்.

சர்க்கரை நோயும் இருந்தால், என்சைம் வேலை செய்யத் தொடங்கியதும் சர்க்கரை ஏறலாம், சாப்பாடு உடம்பில் சேர்கிறதல்லவா. அதற்காகச் சோற்றைக் குறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவரானால் டாக்டரைக் கேட்டு அதைக் கூட்டுவதுதான் வழி. ஒரே தராசில், வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்து எழுதி வையுங்கள். பின்னால் ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கும்போது சர்ஜன் கேட்பது இந்த நோட்டைத்தான். தினம் இரண்டு வேளை நடை, மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சி இரண்டையும் இப்போதே தொடங்குங்கள். அட்மிட் ஆன பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

கீமோ போட்டு ஒன்பதாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் கொடுத்துக் காலையில் கூட்டிப் போகலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கீமோவுக்குப் பிறகு ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சலே அவசரநிலைதான். பாரசிட்டமால் வெப்பமானியை ஏமாற்றும், கிருமியை ஏமாற்றாது. உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கே ஒரு மணி நேரம் ஆகும். விடியட்டும் என்று உட்காராதீர்கள். அவசரப் பிரிவு வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “புற்றுநோய்க்குக் கீமோ போட்டு ஒன்பது நாள், காய்ச்சல்.” வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும்.

ஸ்டென்ட் இருப்பவர்களுக்கு இரண்டாவது காரணமும் உண்டு. பல் கிட்டிக்கும் குளிரோடு காய்ச்சல், கண் மறுபடி மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம்: ஸ்டென்ட் அடைத்துப் பித்தநாளத்தில் சீழ் பிடிக்கிறது. அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் மூன்று மாதம்தான் தாங்கும். உலோகத்தில் செய்தது அதைவிட நீண்ட காலம். எந்த வகை வைத்தார்கள் என்று கேட்டு, மாற்ற வேண்டிய நாளைத் தினசரிக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். இந்த நோயில் அது அதிகம். எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள்.

அம்மாவுக்கு 15 நாளுக்கு ஒருமுறை கீமோ. இரண்டு நாள் பம்போடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் ஜிகர்தண்டா குடித்ததும் தொண்டையை யாரோ நெரிப்பது போல் ஆகிவிட்டது.
– வாசகி, செல்லூர்

ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தின் வேலை அது. நரம்புகள் குளிரைத் தாங்காமல் சுண்டும். மூச்சு அடைத்தது போலத் தோன்றும், உண்மையில் அடைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தால் விடும். உடம்பில் தடிப்பு, இழுப்பு, முக வீக்கம் இருந்தால் அது வேறு, ஒவ்வாமை. உடனே ஓட வேண்டும். மருந்து போட்ட ஐந்தாறு நாளைக்கு ஃபிரிட்ஜ் கதவைக்கூட அம்மா திறக்க வேண்டாம். மார்கழி காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கவும் வேண்டாம். ஜிகர்தண்டாவுக்குப் பதில் சூடான பருத்திப்பால். அடுத்த கீமோ வருவதற்குள்ளும் விரல் மதமதப்பு போகாமல் நின்றால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஆனால், டாக்டரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார்கள்.

பம்ப் 46 மணி நேரம் ஓடும். பந்து போல் இருப்பதென்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுருங்குகிறதா என்று பாருங்கள். ஏ.சி.க்கு நேராக வைத்தால் ஓட்டம் குறையும், வெயிலில் வைத்தால் கூடும். கிளிப் மூடியிருக்கிறதா, குழாய் இடுப்புக்கடியில் மடங்கியிருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் கோளாறு. ஒழுகினால் வெறுங்கையால் தொடாமல் கிளிப்பை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள். இரண்டு நாளைக்கு வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்யக் கையுறை. கழிவறையில் இரண்டு முறை தண்ணீர்.

இதே கலவையில் இரினோடெகான் என்ற மருந்தும் இருந்தால் வயிற்றுப்போக்கு வரும். போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை எந்த அளவில், எத்தனை மணிக்கொரு தரம் போடுவது என்று வீட்டுக்கு அனுப்பும்போதே எழுதி வாங்குங்கள். ஒரு நாளுக்கு மேல் நிற்காவிட்டாலோ கூடவே காய்ச்சல் இருந்தாலோ வீட்டில் வைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது கெடுதல்.

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தால் போகுமே, ஸ்டென்ட் எதற்கு?
– வாசகர், வாடிப்பட்டி

இந்தக் காமாலையில் கல்லீரல் கெட்டுப்போகவில்லை. பித்தம் போகிற குழாயைக் கட்டி வெளியிலிருந்து அமுக்குகிறது. கால்வாயில் பாறை விழுந்து அடைத்தால் தண்ணீருக்கு மருந்து கலந்து என்ன செய்வது? அடைப்பைத் தாண்டிப் போக வழி திறக்க வேண்டும்; பித்தத்துக்கு அந்த வழிதான் ஸ்டென்ட். வெளுத்த மலம், தாங்க முடியாத அரிப்பு, வலி இல்லாத காமாலை என்றால் பத்தியம் இருந்து பார்க்காமல் ஸ்கேன் எடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து கூடவே எடையும் இறங்கினாலும் அப்படித்தான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. “வயிற்றுப் புண்” என்று சொல்லிக் கூட்டிப் போகிறோம். சொன்னால் இடிந்துவிடுவார் என்கிறாள் அம்மா.
– வாசகர், அனுப்பானடி

பாலரெங்கபுரம் புற்றுநோய் மையம் என்றால் என்னவென்று மதுரையில் யாருக்குத் தெரியாது? வாசலிலேயே போர்டு இருக்கிறது. பெரும்பாலான அப்பாக்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று அவர்கள் நடிக்கிறார்கள், அவர் வருத்தப்படுவார் என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். இதில் நஷ்டம் என்னவென்றால், வலியையும் காய்ச்சலையும் அவர் மறைப்பார்.

ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “டாக்டர் சொல்றதை நீங்களே கேக்குறீங்களாப்பா, இல்ல நாங்க கேட்டுக்கட்டுமா?” என்று முதலில் கேளுங்கள். கேட்கிறேன் என்றால்: “கணையத்துல ஒரு கட்டி இருக்குப்பா. நல்ல கட்டி இல்ல. மருந்து போட்டுச் சுருக்கிப் பாப்பாங்க. ஆபரேஷன் உண்டா இல்லையான்னு அடுத்த ஸ்கேன்லதான் தெரியும்.” இதில் பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. “குணமாயிருமா?” என்றால் “உறுதியாச் சொல்ல முடியலைன்னுதான் டாக்டர் சொல்றாரு” என்பதுதான் பதில். வேண்டாம் நீங்களே பாருங்கள் என்றால், அதுவும் அவர் முடிவு. மூத்தவரைக் கூப்பிட்டு பட்டா, பாங்க் கணக்கு என்று அவரே பேச்செடுத்தால் “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று வாயை அடைக்காதீர்கள்.

சென்னையில் ஒரு கருத்து கேட்கலாம் என்றிருக்கிறோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும்? காப்பீட்டு அட்டை செல்லுமா?
– வாசகர், சோழவந்தான்

ரிப்போர்ட் தாளையும் நாலு ஃபிலிமையும் வைத்து எந்த சர்ஜனும் குழாயை அளக்க முடியாது. சி.டி. எடுத்த இடத்தில் முழுப் படமும் உள்ள குறுந்தகடை வாங்கி, ஒரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திறக்காத தகடோடு 450 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. பயாப்ஸி (கட்டியிலிருந்து எடுத்த துணுக்கின் பரிசோதனை) செய்த லேப்பில் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டையையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். மெழுகு என்பதால் வெயிலில் வைக்க வேண்டாம். கீமோ மருந்துகளின் பெயர், அளவு, தேதி உள்ள சுருக்கம் ஒன்று. ஆபரேஷன் முடிவுக்கு நாலு வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனைக் கேட்பார்கள். பழையதென்றால் அங்கேயே புதிதாக எடுப்பது மேல்.

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்குச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை முத்திரையோடு டாக்டர் கையெழுத்திட்ட படிவத்தைக் கவுண்டரில் கொடுத்து எடுக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்கள். அப்பாவின் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் அட்டைதான் செல்லும். அண்ணன் கார்டில் பெயர், தம்பி அட்டையோடு ஆஸ்பத்திரியில் என்று கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சேரும் முன் அந்த மருத்துவமனை, இந்த ஆபரேஷனுக்கு, திட்டத்தில் இருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேஜையில் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குத் திறந்து பார்த்து, எடுக்க முடியவில்லை என்று மூடிவிட்டார்கள். டாக்டர் தப்பா? இனி என்ன?
– வாசகி, அலங்காநல்லூர்

தப்பாக இருக்க வேண்டியதில்லை. வயிற்றுச் சவ்விலும் கல்லீரல் மேற்பரப்பிலும் அரிசி மணி போல ஒட்டியிருக்கும் சிறு கட்டிகள் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் சந்தேகம் உள்ளவர்களுக்கு முதலில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பரவியிருக்கும்போது பெரிய ஆபரேஷனைச் செய்தால் ஆயுள் கூடாது, தேறுகிற வாரங்கள்தான் வீணாகும். மூடியது சரியான முடிவு. டிஸ்சார்ஜ் தாளில் பித்தத்துக்கோ உணவுக்கோ மாற்றுப் பாதை போட்டார்களா என்று பாருங்கள்.

காயம் ஆறியதும் கீமோ தொடரலாம். பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகை மருந்துகள் நன்றாகக் கேட்கும். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்களைச் சோதித்துக்கொள்ளவும் அது வழி.

முதுகுக்கு ஊடுருவும் வலி இருந்தால், குனிந்து உட்கார்ந்தால்தான் சுகம் என்றால், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் முறை இருக்கிறது. மார்ஃபின் மாத்திரையும் இருக்கிறது. கடைசி கட்டத்துக்கு மட்டுமான மருந்தல்ல அது, வலிக்கான மருந்து. வலி வந்த பிறகு தேடாமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும், இடையில் திமிறும் வலிக்குத் தனி அளவை எழுதி வாங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்று இரவே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மூன்று நாள் வயிறு போகாமல் இருந்தால் கீரையும் வாழைப்பழமும் கொடுத்துக் காத்திருக்காமல் வலி நிவாரணப் பிரிவுக்குப் பேசுங்கள்.